குடை இல்லாத நிழல்

உப்பு விளைகிற மண்ணில் பொய் விளையாது என்று வெள்ளாங்கரைக்காரர்கள் பெருமை பேசுவார்கள். பேசட்டும், பேச்சுக்குக் காசா பணமா, ஆனால் அந்த ஊரே ஒன்றுகூடி ஒரு மனுஷனிடம் ஆறு மாதம் வாய் கூசாமல் பொய் சொன்ன வருஷம் ஒன்று உண்டு. பாளையக்காரர்கள் பல்லக்கில் போய்வந்த காலத்து வருஷம் அது. அந்தப் பொய்யைச் சொன்னவர்களில் ஒருத்தி உப்பளத்துப் பெரியவர் வேலாண்டியின் மகள் ஆவுடை.

சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில், காக்கைகூடப் பறக்கப் பயப்படும் வெயிலில், வரப்பு மேல் ஒருத்தன் நடந்து வந்தான். ஆவுடை அப்போது உப்பு வாரும் பலகையைப் பிடித்துப் பாத்திக்குள் குனிந்திருந்தாள். கண் கூசும் வெள்ளைக்கு நடுவே திடீரென்று குளுமையாக ஒரு கருப்பு வந்து விழவும், மேகமோ என்று அண்ணாந்து பார்த்தாள், வானத்தில் ஒரு பஞ்சுப்பொட்டுகூட இல்லை. குனிந்து பார்த்தாள். வந்தவன் காலைச் சுற்றி வட்டமாக ஒரு நிழல், ஒரு மாட்டுவண்டி தாராளமாக நிற்கலாம் அவ்வளவு பெரிய நிழல், அதன் ஓரத்தில் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கி, அவன் ஓர் அடி எடுத்து வைத்தால் குஞ்சங்களும் ஓர் ஆட்டம் ஆடின. குடையைத்தான் காணோம். பேர் கருப்பன், வடக்கே வண்டி ஓட்டினேன், மாடு இரண்டும் செத்துப்போச்சு, ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள் என்று அவன் சொன்னான். உரித்த நுங்கு மாதிரி இருந்தான், கருப்பனாம். கை இரண்டும் ஒரு மூக்கணாங்கயிற்றைக்கூடத் தொட்டதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ஆவுடையின் அண்ணன் பெண்சாதி இசக்கி பக்கத்துப் பாத்தியில் நின்றவள், நிழலை ஒரு தடவையும் ஆளை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

அந்தச் சீமையில் குஞ்சம் வைத்த வெண்குடைக்குக் கீழே நடக்கிறவர்கள் மருதங்கோட்டைப் பாளையக்காரர்கள் மட்டும்தான். பெரிய பாளையக்காரர் மாசியில் காலமாகி, மகன் விசயபூபதிக்கு முடிசூட்ட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பையனைத்தான் கொஞ்ச நாளாக வெளியே காணோம் என்று உப்பு வாங்க வந்த வண்டிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆக, வந்தவன் யார் என்பது அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஊரில் முட்டுக்கால் போட்டுத் தவழும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. குடை அரண்மனையில் ஆணியில் தொங்க, நிழல் மட்டும் எப்படி இவ்வளவு தூரம் நடந்து வந்தது என்று இசக்கி ஒருத்திதான் ஒரு பேச்சுக்குக் கேட்டாள். எஜமானை விட்டுவிட்டு அது தனியாக அங்கே கிடந்து என்ன செய்யும் என்று வேலாண்டி சொன்னார், அதோடு அந்த விசாரம் தீர்ந்தது.

வாயைத் திறக்காததற்குக் காரணம் பயம் இல்லை, முறைமை. வெள்ளாங்கரை ஓடிவந்தவர்களின் ஊர். புருஷனுக்குப் பயந்து வந்தவள், படைக்குப் பயந்து வந்தவன், பஞ்சத்துக்குப் பயந்து வந்தவர்கள் என்று எல்லாருமாகச் சேர்ந்து கட்டின ஊர், அதனால் வேலை தேடி வருகிறவனிடம் நீ யார் எந்த ஊர் என்று யாரும் துருவிக் கேட்கக்கூடாது, தெரிந்திருந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது. ஒரு பருவம் முழுக்க அவன் வேலை செய்யட்டும். புரட்டாசியில் மழைக்கு முந்தி கடைசியாக உப்பு வாரும் நாளில், ஒரு பிடி உப்பைக் கையில் எடுத்து அவனே பேரும் ஊரும் சொல்லுவான். அப்போது என்ன சொல்கிறானோ அதுதான் அவன்; சொன்னது நிற்கும். முன்னொரு காலத்தில் ஒருத்தி உப்பைப் பிடித்துக்கொண்டு தன் புருஷன் செத்துப்போனான் என்று சொல்லிவிட்டாளாம். இரண்டு வருஷம் கழித்து அந்தப் புருஷனே கல்லிலும் முள்ளிலும் நடந்து தேடி வந்து, அவள் வாசலிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்து, அவள் முகத்தைப் பார்த்தும் யாரென்று தெரியாமல் மகராசியாக இரு தாயி என்று வாழ்த்திவிட்டுப் போனானாம். அந்த ஊர் உப்பு அப்படி.

சரி, ஆள் வந்தான், நிழல் வந்தது, வேலை கொடுத்தாயிற்று. அப்புறம்தான் தலைவலி. உப்புக்கு வெயில் வேண்டும், இவன் நின்ற பாத்தியில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. பக்கத்துப் பாத்திகளில் பூப்பூவாய் உப்பு விரிந்து கிடக்க, இவன் பாத்தியில் மட்டும் தவளை முட்டையிடாத குறை. உம்ம நிழல்தானய்யா காரணம் என்று சொல்ல முடியுமா? உமக்குக் கைராசி போதாது வே என்று வேலாண்டி அவனைச் சுமை தூக்க மாற்றினார். சுமை தூக்குகிற வழியெல்லாம் பெண்கள் தலைச்சுமையோடு அவன் பக்கத்திலேயே ஒட்டி நடந்தார்கள், அவன் நின்றால் நின்றார்கள், அவன் உட்கார்ந்தால் கஞ்சிக் கலயத்தைத் திறந்தார்கள், தொட்டில் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவன் காலடியில் கிடத்தினார்கள், இசக்கி வெற்றிலையை வாட விடாமல் அவன் முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டாள். தன் பேச்சில்தான் இவர்களுக்கு இவ்வளவு பிரியம் என்று அவன் நினைத்து, வண்டி ஓட்டாத தான் வண்டி ஓட்டின கதைகளை எல்லாம் அளந்தான். அவர்களும் அப்படியா அப்படியா என்று வாய் பிளந்து கேட்டார்கள்.

ஆடியில் பருவம் தப்பி ஒரு மழை வந்தது. வாரிக் குவித்த பெரிய உப்பு அம்பாரத்துக்கு இன்னும் ஓலை வேயவில்லை. அந்தப் பருவத்து உழைப்பு முழுதும் கரைந்து கடலோடு போகப்போகிறதே என்று எல்லாரும் தலையில் கை வைத்தபோது, இசக்கிதான் ஓடிப்போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, திருட்டுப் பயம் இருக்கு, நீரு அம்பாரத்து உச்சியில ஏறிக் காவல் நில்லும் என்றாள். கொட்டுகிற மழையில் உப்பைத் திருட எந்த மடையன் வருவான் என்று அவன் கேட்கவில்லை. அரண்மனையில் வளர்ந்த பிள்ளைக்கு உலகம் அவ்வளவுதான். ஏறி நின்றான். ஓரத்து உப்பையெல்லாம் பெண்கள் அள்ளி அள்ளி அவன் இடுப்புவரை குவித்தார்கள், எதற்கு என்று கேட்டதற்கு, காத்தடிச்சா விழுந்துரப்படாதுல்லா என்றார்கள். அன்று காலை தொடங்கி அந்தி மசங்கும்வரை மழை வட்டம் கட்டிப் பெய்தது, வட்டத்துக்கு உள்ளே ஒரு துளி விழவில்லை, ஒரு கல் உப்புக் கரையவில்லை. தன்னை இவ்வளவு நம்புகிறார்களே என்று அவன் கண் கலங்கினான், அதைப் பார்க்கமாட்டாமல் ஆவுடை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலையே பார்க்காதவனுக்கு நிழல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தொட்டிலுக்கு மேலே குடை பிடித்து வளர்ந்தவன் அவன். கிட்டத்தில் உள்ளது மங்கலாகவும் தூரத்தில் உள்ளது பளிச்சென்றும் இருக்கும், உலகம் அப்படித்தான் என்று இருந்தான். கருப்பன் என்கிற பூசணிக்காயை அவன் ஊர்ச் சோற்றில் மறைத்தான், ஊர் அதற்கு மேல் இன்னும் ரெண்டு அகப்பைச் சோறு போட்டு மூடிக் கொடுத்தது. இரண்டு பேருமே அதை மரியாதை என்று நினைத்தார்கள்.

ஆவுடை அவனை விரும்பினாள். நிழலுக்காகத்தான் முதலில் பக்கத்தில் போனாள், அதை அவள் மறைக்க மாட்டாள். ஆனால் ஆவணி பிறக்கும்போது, நிழலை மறந்து, அவன் தப்புத் தப்பாகக் கட்டும் முடிச்சுகளுக்காகவும், சுடுகஞ்சியை ஊதத் தெரியாமல் நாக்கைச் சுட்டுக்கொள்வதற்காகவும், நீ சொல்லு நான் கேட்கிறேன் என்று அவன் மெய்யாகவே கேட்டதற்காகவும் போக ஆரம்பித்திருந்தாள். அவள் பேச்சை அதுவரை யாரும் இருந்து கேட்டதில்லை. கட்டிக்கிறியா என்று அவன் ஒரு நாள் கேட்டான். கட்டிக்கிறேன் என்றாள். சொன்ன மறுநிமிஷமே அவளுக்குச் சங்கடம் தொடங்கியது, ஏனென்றால் கடைசி வாரலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது, உப்பைக் கையில் எடுத்து இவன் என்ன சொல்லப்போகிறான்? விசயபூபதி என்றால் பல்லக்கு வரும், பாளையக்காரனுக்கு உப்பளத்துக்காரியையா கட்டிவைப்பார்கள்? கருப்பன் என்றால், தாலி கட்டுகிறவன் தன்னிடம் ஒரு வார்த்தை உண்மை சொல்லாமலே கட்டுகிறான் என்று ஆகும். அவளுக்கு வேண்டியதெல்லாம், ஊருக்கு முன்னால் எதைச் சொன்னாலும் சரி, தன்னிடம் ஒரு தடவை அவன் மெய்யைச் சொல்லிவிட வேண்டும். அதற்காக எத்தனை வாசல் திறந்துவிட்டாள் தெரியுமா! உங்க அம்மை பேரு என்ன என்பாள், வீட்டுல எத்தனை பேர் என்பாள், சின்ன வயசுல என்ன விளையாடுவீரு என்பாள். அவன் ஒவ்வொரு வாசலிலும் ஒரு புதுப் பொய்யை நிறுத்தினான். வண்டிப்பேட்டையில் இட்டிலி விற்ற ஓர் அம்மாவை உண்டாக்கி, அவளுக்குக் காய்ச்சலைக் கொடுத்து, பாவம், அவளைச் சாகடித்தும் விட்டான். ஆவுடை அந்த இல்லாத அம்மாவுக்காக வீட்டுக்குப் போய் அழுதாள்.

வேலாண்டிக்கு வேறு கணக்கு. பையன் வந்து பெண் கேட்டதும், கடைசி வாரல் கழியட்டும் வே என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொன்னவர், அவன் தலை மறைந்ததும் துள்ளாத குறைதான். மெய்ப்பேரை உப்பில் சொல்லிவிட்டு இங்கேயே பெண் கட்டினால் நிழலும் இங்கேயே நிற்கும், எந்த மழைக்கும் இனி அம்பாரம் கரையாது, கட்டாயம் சொல்லுவான், ராஜரத்தம் உப்பில் பொய் சொல்லாது என்று அவர் நம்பினார். ஊரும் நம்பியது. அந்த நம்பிக்கையில் இருக்கும்போதுதான் மருதங்கோட்டைத் தண்டோராக்காரன் வந்து, இளையராஜா புரட்டாசி அமாவாசைக்குள் வந்து சேராவிட்டால் சித்தப்பா மகனுக்கு முடிசூட்டப்படும் என்று கொட்டிவிட்டுப் போனான். அவனும் வெயில் தாங்காமல் கருப்பன் பக்கத்தில் நின்றுதான் கொட்டினான், குனிந்து தரையைப் பார்த்திருந்தால் வந்த வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். அமாவாசையன்றுதான் கடைசி வாரல்.

தண்டோராக்காரன் போன பிறகு ஆவுடை அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. ராஜாக்களுக்கு இதே வேலை என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளை உடைத்தது. ஊர் முறையாவது மண்ணாங்கட்டியாவது என்று, நிழலுக்குள் இருந்து எழுந்து இருபது அடி தள்ளிப் போய் வெயிலில் நின்றாள்.

"என் காலடியில என்ன கிடக்கு, பாரும்," என்றாள்.

"உன் நிழல்," என்றான்.

"உம்மது எங்க?"

அவன் குனிந்து பார்த்தான். கையை நீட்டிப் பார்த்தான், காலைத் தூக்கிப் பார்த்தான். தன் உருவத்தில் எதுவும் விழவில்லை. அப்புறம் மெல்ல மெல்லப் பார்வையை ஓட்டி, வட்டத்தின் ஓரம்வரை போய், அங்கே ஆடுகிற குஞ்சங்களைக் கண்டான். பிறந்த நாள் முதல் தலைக்கு மேல் பார்த்த குஞ்சங்கள், அவனுக்குத் தெரியாதா? வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"வந்த அன்னைக்கே."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு முகமும், தொட்டில்களும், இசக்கியின் வெற்றிலையும், இடுப்புவரை குவித்த உப்பும் அவன் கண்முன்னே ஒவ்வொன்றாக வந்து போவதை ஆவுடை பார்த்துக்கொண்டே நின்றாள். யாரும் எழுந்திருக்காத இடத்தைத் தேடித்தான் அரண்மனையை விட்டு வந்தேன் என்றான். தான் வந்ததும் எழுந்து நிற்காமல், பக்கத்தில் உட்காருகிற மனுஷர்கள் வேண்டும் என்று வந்தானாம். கிடைத்துவிட்டார்கள் என்று நினைத்தானாம்.

"நீயும் இந்த நிழலுக்குத்தான் வந்தியா ஆவுடை?"

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "நிழலுக்குத்தான் வந்தேன். அதுக்கப்புறம் யாருக்கு வந்தேன்னு எனக்குத் தெரியல. நீரு ஒரு நாளாவது உம்ம பேருல என்கிட்ட பேசியிருக்கீரா? செத்துப்போன உங்க அம்மைக்கு நான் அழுதேன். அப்படி ஒரு அம்மையே கிடையாதுல்லா?"

"கிடையாது," என்றான். அவன் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் யாரோடும் பேசவில்லை. ஆள் கூடினால் எழுந்து தள்ளிப் போனான், நிழலும் எழுந்து தள்ளிப் போனது, பெண்கள் வெயிலில் திகைத்து நின்றார்கள். மூணு நாளு வாயை அடக்கிக்கிட்டு இருக்க முடியலையா உன்னால என்று வேலாண்டி மகளை வைதார். இசக்கி வையவில்லை, நாம செஞ்சதும் சரியில்லட்டி, வெத்திலைக்கு ஒரு ஓலைப்பெட்டி முடைஞ்சிருந்தா போதாதா என்று வருத்தப்பட்டாள். ஆவுடை சாப்பிடவில்லை. இவன் போய்விடுவான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. போனால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தாள், மனசு கேட்கவில்லை.

புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பது சும்மா இல்லை. அமாவாசையன்று வெயில் உருக்கியது. கடைசி உப்பை வாரிக் குவித்துவிட்டு ஊர் முழுக்க அம்பாரத்தடியில் கூடியது, கூடியவர்கள் ஆறு மாதப் பழக்கத்தில் அவன் வட்டத்துக்குள்ளேயே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆவுடை மட்டும் வெளியே நின்றாள். வேலாண்டி தொண்டையைக் கனைத்து, எடுத்துச் சொல்லும் வே என்றார்.

அவன் உப்பை எடுக்கவில்லை. வெறுங்கையை விரித்துக் காட்டினான். ஊரைப் பார்க்காமல் ஆவுடையைப் பார்த்து, "நான் மருதங்கோட்டை விசயபூபதி. எங்கம்மா பேரு சௌந்தரவல்லி, நல்லா இருக்காங்க, பல்லாங்குழியில கள்ளாட்டம் ஆடுவாங்க. எனக்கு மாடு பூட்டத் தெரியாது. இவ்வளவு நாள் உன்கிட்ட சொன்னதுல உன்னைப் பிடிச்சிருக்குன்னு சொன்னது ஒண்ணுதான் நிசம்," என்றான்.

"எய்யா, அதை உப்பை எடுத்துக்கிட்டுச் சொல்லும், உப்பை எடுத்துக்கிட்டு," என்று வேலாண்டி பதறினார். சொன்னது நிற்க வேண்டுமே அவருக்கு.

அவன் குனிந்தான். பல்லக்கு இதோ வந்து நிற்கிற மாதிரியே ஆவுடைக்கு இருந்தது. அவன் ஒரு பிடி உப்பை அள்ளி, நிமிர்ந்து, நெஞ்சுக்கு நேரே பிடித்தான்.

"கருப்பன். வண்டிக்காரன். ஊர் வெள்ளாங்கரை," என்றான்.

நிழல் ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தது. பிறகு அவன் காலடியிலிருந்து கழன்று, குஞ்சங்களை ஆட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் வரப்பேறி வடக்கே நடந்தது. வழியில் நின்றவர்கள் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்கள், பழக்கதோஷம், எழுந்து அதன் கூடவே பத்தடி போய்விட்டு, என்ன செய்கிறோம் என்று உறைக்கவும் தலையைக் குனிந்து நின்றார்கள். வேலாண்டி அம்பாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஓலை வெட்ட ஆள் அனுப்ப வேண்டும் என்று முணுமுணுத்தார். மருதங்கோட்டையில் அன்று முடிசூடின சித்தப்பா மகனுக்குக் குடை விரித்தபோது நிழல் கொஞ்சம் தாமதித்து விழுந்தது என்று பின்னால் வண்டிக்காரர்கள் சொன்னார்கள், விசயபூபதியை அதற்குப் பிறகு அங்கே யாரும் தேடவுமில்லை.

அம்பாரத்தடியில் அவன் ஒண்டியாக நின்றான். இருபத்தைந்து வருஷத்து வெயிலும் ஒரே நேரத்தில் அவன் தலையில் இறங்கியது. கண்ணைத் திறக்க முடியவில்லை, முகமெல்லாம் சிவந்தது, நெற்றியில் முதல் வேர்வை முளைத்து மூக்கு வழியாக உருண்டு உதட்டில் விழ, உப்புக் கரிக்கவும் திடுக்கிட்டான். கையிலிருந்த பிடியை மட்டும் விடவில்லை. ஆவுடை நடந்து வந்தாள். நிற்பதற்கு அங்கே ஒரு சாண் நிழல்கூட இல்லை. அவன் தோளோடு தோள் உரச வந்து நின்று, முந்தானைத் தலைப்பால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

கண்ணை இடுக்கிக்கொண்டே, "இது எப்ப போகும்?" என்று கேட்டான்.

"சாயங்காலம் போயிரும். காலையில திரும்ப வந்துரும்," என்றாள் ஆவுடை. "வாரும், பாத்திக்குப் போவோம்."